அலையில்லாத இடத்தில் ஓர் அலை இயந்திரம்

துறைமுக அலுவலகத்தில் அதிகாரியாக வீற்றிருக்கும் என் அன்பு மைத்துனருக்கு, உங்கள் அக்காளின் கணவன் எழுதுவது. இங்கு உங்கள் அக்காள் நலம். நான் நலமா என்பது தாங்கள் எடுக்கப்போகும் முடிவைப் பொறுத்தது. தாங்கள் என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மூக்கு ஒழுக என் முதுகில் உப்புமூட்டை ஏறிய பையனுக்கு இல்லை இந்த மரியாதை; என் இயந்திரத்தைப் பூட்டி வைத்திருக்கும் சாவிக்கு.

அந்த அலை மின்சார இயந்திரத்தை நாளை மறுநாள் அறுத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போடப்போவதாகவும், மோட்டாரை மட்டும் திருப்பித் தருவதாகவும் உங்கள் குமாஸ்தா சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு மோட்டார் மட்டும் வேண்டாம். கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள்.

நடந்ததை என் வாயால் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான். கடலுக்கும் மோட்டாருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, இரண்டும் அசைந்தால் சரி என்று முடிவு கட்டினேன். இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கீல் போட்டு இணைத்தேன். அலை வந்தால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். நடுவிலுள்ள சைக்கிள் சங்கிலி மோட்டாரைச் சுழற்றும். கம்பத்தில் கட்டிய பல்பு எரியும். மோட்டார் எங்கே கிடைத்தது என்றால், வீட்டு வாஷிங் மெஷினில். உங்கள் அக்காள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த சமயம். இத்தனையும் யோசித்த மூளை, அதை எங்கே மிதக்கவிடுவது என்பதில்தான் கோட்டைவிட்டது. வெளிக்கடலில் விட்டால் அடித்துக்கொண்டு போய்விடுமே என்று பயந்து, பத்திரமாக உங்கள் அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே கட்டினேன். அலை வரக்கூடாது என்றே அரசாங்கம் கல் கொட்டிக் கட்டிய சுவர் அது. அதற்குள் அலை இயந்திரத்தை வைத்துவிட்டு, காலையிலிருந்து கரையில் குந்தி, ஏன் எரியவில்லை என்று பல்பை முறைத்துக்கொண்டிருந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது பயணிகள் படகு கடந்துபோனது. அதன் பின்னால் எழுந்த அலையில் பீப்பாய் ஆடியது, பல்பு எரிந்தது! எரிந்ததய்யா! நான் போட்ட சத்தத்தில் படகோட்டி திரும்பிப் பார்த்தார்.

“பெரியவரே, இன்னொரு சுத்து வரட்டுமா?”

“வாப்பா, நல்லா வேகமா வா!”

அவரும் ரசிகர். சுற்றினார், மறுபடி சுற்றினார். படகிலிருந்து ஓர் அம்மாள், “யோவ், நான் அக்கரைக்குப் போகணும், ராட்டினம் சுத்த வரல” என்று கத்தியது என் காதில் விழவே இல்லை. வேறொருவர் வாந்தி எடுத்ததையும் கவனிக்கவில்லை. அக்கரையில் காத்திருந்தவர்கள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, குமாஸ்தா ஓடி வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

“சார், படகு டீசலை எரிச்சு ஒரு பல்பை எரிய வைக்கிறீங்க. அதுக்குக் கடையில ஜெனரேட்டர்னு ஒண்ணு விக்குது.”

சொன்ன கையோடு இயந்திரத்தைக் கரையேற்றிப் பூட்டிவிட்டார். அவர் சொன்னதற்குப் பதில் தோன்றியதும் எழுதுகிறேன்.

வீட்டில் நிலைமை இது. “மோட்டார் வர்ற வரைக்கும் துணி உங்க பாடு” என்று உங்கள் அக்காள் சோப்பை என் கையில் கொடுத்துவிட்டாள். கம்பளியைப் பிழிந்து முழங்கை பிசகியிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், தப்பு இடத்தில்தானே தவிர இயந்திரத்தில் இல்லை. அது எரிந்ததை ஒரு படகு ஜனம் பார்த்திருக்கிறது. மோட்டாரைத் தனியாகப் பெட்டியில் போட்டு அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். இன்னும் பத்து வருடம் கையால் துவைத்தாலும் துவைப்பேனே ஒழிய, அரை இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். இது முடிவு.

உத்தியோகம் உயரட்டும், முதுகுவலி தீரட்டும், பிள்ளைகள் உங்களைப்போல இல்லாமல் சொன்ன பேச்சுக் கேட்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உங்கள் அக்காள் வாங்கிப் படித்துவிட்டாள். மோட்டாரை மட்டும் அனுப்பினால் போதும். மற்றதை அறுத்துக்கொள்ளுங்கள். நான் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.

அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதுகிறேன். மோட்டாரைக் கழற்றும் முன் ஒரே ஒரு தடவை சுவருக்கு வெளியே கட்டிப் பாருங்கள். கயிற்றை இறுக்க வேண்டாம். பல்பு எரிந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். எரியாவிட்டால், அன்றைக்குக் கடல் சரியில்லை.