கண்ணாடிக்குப் பதில் கேரட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெற்ற மகளை மஞ்சள் நிறத்துக்கு மாற்றியவன் நான். அதுவும் வெறும் காய்கறியை வைத்து.

பெங்களூர் பொம்மசந்திராவில் மோட்டார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரு இரும்புத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தால் மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. ‘ரிஜக்ட்’ என்று சிவப்பு முத்திரை குத்திவிட்டால் மானேஜரே வந்து கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன். (இந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது, பொறுங்கள்.) வீடு காக்ஸ் டவுனில். மனைவி ஷீலா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஒரே மகள் ஜெனி. இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு.

ஒரு நாள் ஜெனி பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை செய்திருக்கிறார்கள். இவளுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டும் என்று ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள்.

“டாடி, எனக்குக் கண்ணாடி! ஆயிஷா போட்டிருக்கால்ல, அதே மாதிரி பர்ப்பிள் கலர் ஃபிரேம் வேணும்!”

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். பத்து வயதில் எனக்குக் கண்ணாடி வந்தது. அன்றிலிருந்து பள்ளி முடிக்கிற வரை என் பெயர் சோடாபுட்டி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் ஹெட்மாஸ்டர், அதுவும் அடிப்பதற்காக. பையன்கள் என் கண்ணாடியை ஒளித்துவைத்துவிடுவார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். அந்தக் கதி என் மகளுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. அதற்குப் பிறகு செய்தது அத்தனையும் தப்பு.

அன்றைக்கே போனில் ஒரு தாடிக்காரரைக் கண்டுபிடித்தேன். “கண்ணாடியைக் கழற்றி எறியுங்கள், தொண்ணூறே நாள்!” என்று வீடியோவில் முழங்கினார். தினமும் கேரட், பொன்னாங்கண்ணிக் கீரை, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. அவ்வளவுதானாம்.

“நம்ம பிள்ளைக்குக் கண்ணாடியே தேவைப்படாது ஷீலா. இயற்கை வைத்தியம் இருக்கு,” என்றேன்.

ஷீலா என் மூக்கைப் பார்த்தாள். அதன் மேல் பாட்டில் அடிப்பாகம் போல என் கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, அந்த இயற்கை உங்க பக்கம் ஏன் எட்டிக்கூடப் பாக்கல?”

“எனக்கு அப்ப சொல்ல ஆள் இல்ல.”

அரை மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில், “நாப்பது நாள் தர்றேன். நாப்பத்தொண்ணாவது நாள் கண்ணாடிக் கடை,” என்று எழுந்து போனாள். ஜெனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். எங்கள் கம்பெனியில் மெஷினுக்கு ஒட்டுவதைப் போலவே, தேதி, நேரம், கையெழுத்துக்குக் கட்டம். காலையிலும் ராத்திரியிலும் ஒரு பெரிய டம்ளர் கேரட் ஜூஸ். டிபனுக்குக் கேரட் தோசை. பள்ளிக்கு டப்பாவில் கேரட் துண்டு. சாயங்காலம் சர்க்கரை போடாத கேரட் அல்வா. (சர்க்கரை போடாத அல்வாவை நீங்கள் சாப்பிட்டதில்லையே? கொடுத்துவைத்தவர்கள்.)

கேரட் வாங்க சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போவேன். ஒரே கடையில் மூன்று நாளுக்கு ஒரு தடவை ஐந்து கிலோ. மூன்றாவது தடவை கடைக்கார பாய் தராசைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“என்னா சாப், ஹோட்டல் வெச்சிருக்கீங்களா?”

“இல்ல பாய்.”

“அப்ப குதிரையா?”

மகளின் கண்ணுக்கு என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. “ஆமா, குதிரைதான்,” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அரே, அதை மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்றவர், தராசில் இருந்ததையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு, கோணலும் மாணலுமாக இருந்ததைப் பொறுக்கிப் போட்டார். “குதிரை ஷேப் பாக்காது சாப்.” இரும்பில் ஒரு கீறலைப் பொறுக்காத நான், வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

நான்காவது வாரம் கணக்குப் பரீட்சைத் தாள் வந்தது. இருபத்தைந்துக்கு எட்டு. கணக்கில் ஜெனி கெட்டி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஷீலா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இங்க பாருங்க. போட்ட கணக்கெல்லாம் கரெக்டா இருக்கு. கேள்விதான் தப்பு. டீச்சர் பக்கத்துல குறிச்சிருக்காங்க, போர்டுல எட்டுன்னு இருந்ததை மூணுன்னு எழுதியிருக்கா,” என்றாள்.

“கவனம் இல்ல,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஞாபக சக்திக்காக வல்லாரைக் கீரையையும் சார்ட்டில் சேர்த்தேன்.  ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜூஸ் டம்ளரை எடுத்தாள். இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

முப்பத்து மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷீலாவின் அண்ணன் ஸ்டீபன் சாப்பிட வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். பெங்களூரில் எந்த நோய்க்கு எந்தத் தெருவில் மருந்து என்பது அவருக்கு அத்துப்படி. ஜெனி தண்ணீர் கொண்டுவந்து நீட்ட, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, பாப்பா கை ஏன் இப்டி மஞ்சளா இருக்கு?”

பார்த்தேன். உள்ளங்கை மஞ்சள். உள்ளங்கால் மஞ்சள். மூக்கு நுனியும் மஞ்சள். தினமும் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. தரம் பார்க்கிறவனாம்!

“காமாலை!” என்று நானும் மச்சானும் ஒரே குரலில் கத்தினோம்.

“டாக்டர்கிட்ட போலாம்,” என்றாள் ஷீலா.

“காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதும்மா, ஊருக்கே தெரியும்,” என்றார் மச்சான். நானும் பெரிய மேதாவி போலத் தலையாட்டினேன். விடிந்ததும் அவர் ஆட்டோவிலேயே கே.ஆர்.புரம் தாண்டி ஒரு நாட்டு வைத்தியரிடம் போனோம். அவர் ஜெனியின் கையை மட்டும் பார்த்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். மூன்று நாள் பத்தியம், உப்பு, எண்ணெய், கறி எதுவும் கூடாது என்றார். எழுந்து வரும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

“பிள்ளை சோந்து போவும். கேரட் ஜூஸ் தாராளமா குடுங்க. ரத்தம் ஊறும்.”

நான் ஷீலாவைப் பெருமையாகப் பார்த்தேன். அன்றிலிருந்து இரண்டு டம்ளர் நான்கு டம்ளர் ஆனது. பிள்ளை மட்டும் பத்தியம் இருந்தால் பாவம் என்று நானும் உப்பில்லாக் கஞ்சி குடித்தேன். மூன்றாம் நாள் காலை ஜெனியை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். மஞ்சள் குறையவில்லை, பளபளவென்று கூடியிருந்தது. என் பிள்ளை என் கையை விட்டுப் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.  ஷீலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜெனியின் கையைப் பிடித்து வாசலில் நின்றாள். பின்னாலேயே ஓடினேன்.

குழந்தைகள் டாக்டர் கன்னடக்கார அம்மா. ஜெனியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “டெய்லி ஏன் ஊட்டா மாடுத்தீயா புட்டி?” என்று, என்ன சாப்பிடுகிறாள் என்பதை அவளிடமே கேட்டார். (புட்டி என்றால் கன்னடத்தில் பாப்பா.)

ஜெனி சார்ட்டை மனப்பாடமாக ஒப்பித்தாள். ஜூஸ், தோசை, டப்பா, அல்வா, மறுபடி ஜூஸ். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இஷ்டொந்து கேரட்டா? இவ்ளோவா? காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இது கேரட் கலர். காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும். இவளுக்குத் தோல் மட்டும்தான். நிறுத்துங்க, கொஞ்ச நாள்ல தானா போயிடும். யாக்கே, எதுக்குக் கொடுத்தீங்க?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“சொல்லுங்க, சும்மா சொல்லுங்க,” என்றாள் ஷீலா.

“கண்ணாடி... போடாம இருக்கறதுக்கு, மேடம்.”

டாக்டர் என் கண்ணாடியை நிதானமாகப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெனியிடம் திரும்பி, “புட்டி, அந்தக் காலண்டர்ல என்ன தேதி, பாத்து சொல்லு,” என்றார்.

ஜெனி கண்ணைச் சுருக்கினாள். தலையைச் சாய்த்தாள்.

“அது காலண்டரா? நான் ஜன்னல்னு நெனச்சேன்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து வாரமாக என் மகள் உலகத்தில் பாதியைப் பார்க்காமல் கேரட் தின்றிருக்கிறாள், அதற்கு நான் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் என் கண்ணாடிக்குள் நீர் கட்டிவிட்டது. நாற்பத்தொன்றாவது நாள்வரை யார் காத்திருப்பது? அன்று சாயங்காலமே கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

பர்ப்பிள் ஃபிரேம் தயாராகி வந்த அன்று ஜெனி அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். பஸ் நம்பரைப் படித்தாள். எதிர்க் கடைப் பெயரைப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள்.

“டாடி, உங்களுக்கு இவ்ளோ நரைமுடி இருக்கா? மம்மிக்குத் தெரியுமா?”

நான் பயந்த சோடாபுட்டிப் பட்டம் அவளுக்கு வரவே இல்லை. அந்த வாரம் அவள் வகுப்பில் இரண்டு பேர் தங்களுக்கும் கண்ணாடி வேண்டும் என்று வீட்டில் அழுதார்களாம். கணக்கில் இருபத்தைந்துக்கு இருபத்து நாலு. என் வீட்டில் மட்டும் இன்றைக்கும் பிரியாணிக்கடை சாலட்டில் கேரட் துண்டு வந்தால், மூன்று பேர் தட்டிலிருந்தும் என் தட்டுக்கு வந்து சேரும். ஸ்டீபன் மச்சானும் அதில் சேர்த்தி. (ஆட்டோவில் கூட்டிப் போனதை மனுஷன் வசதியாக மறந்துவிட்டார்.)

சிவாஜிநகர் பாய் மட்டும் எதையும் மறக்கவில்லை. ஆறு வருஷமாகக் குதிரையைப் பற்றி விசாரிக்கிறார். நானும் ரேஸில் ஜெயித்தது, காலில் அடிபட்டது, ரிட்டயர் ஆனது என்று கதை அளந்துகொண்டே வந்தேன். போன மாதம் ஜெனியும் கூட வந்தாள். அரை கிலோ கேரட் கேட்டேன்.

“என்னா சாப், குதிரை எப்டி இருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி முந்திக்கொண்டாள்.

“சூப்பரா இருக்கேன் பாய். கண்ணாடி போட்டதுக்கப்புறம் நல்லா ஓடறேன்.”

பாய் அவள் கண்ணாடியைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். தராசில் இருந்த கோணல் கேரட்டையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எங்களுக்கு நேரான கேரட்டாகப் பொறுக்கிப் போட்டார்.