மருந்து போட்டாச்சா?

தமிழ் எனக்குத் தாய்மொழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்குப் பரிசெல்லாம் வாங்கியவன்தான். ஆனால் தினமும் வாயில் புழங்கும் ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டேன்.

அறுபதுகளின் நடுவில், மாட்டு டாக்டருக்குப் படித்த கையோடு கீரமங்கலம் பக்கம் வேலைக்கு வந்தேன். (வந்தேன் என்பதைவிட எழுந்தருளினேன் என்பதே சரி, அப்படி ஒரு மிதப்பு.) கால்நடைகளைக் கொல்லும் விஷங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பேர் வாங்குவதாகத் திட்டம். அதற்கு எங்கேயாவது ஒரு மாடு விஷத்தில் சாக வேண்டுமே! ஒன்றும் ஒத்துழைக்கவில்லை.

ஒருநாள் காலையில் அடைக்கலம் என்ற சம்சாரி மூச்சிரைக்க சைக்கிளில் வந்தார். அவருடைய உழவு மாடுகள் இரண்டில் செவலை செத்துவிட்டதாம். மயிலை எச்சில் வடிய நிற்கிறதாம். கடலை விதைக்க மழை பெய்திருந்த நேரம். ஏர் பூட்ட அவருக்கு இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். அவர் கண் கலங்கி நின்றார். எனக்கோ, சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் ஒரே குஷி.

போனதும் செவலையின் வயிற்றை அறுத்து, இரைப்பையில் இருந்ததைக் கண்ணாடி ஜாடியில் அள்ளினேன். பிறகு நோட்டைத் திறந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

“விஷம் ஏதாவது தின்னுச்சா?”

“வெசமா? எங்க வீட்டுல ஏதுங்கய்யா வெசம்! ஒரே உண்ணியா அப்பிக் கெடந்துச்சு. நேத்துச் சாயங்காலம் ரெண்டுக்கும் மருந்துதான் தேச்சுவிட்டேன்.”

எங்கள் ஆஸ்பத்திரிக் களிம்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, ‘விஷம்: இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

“மயிலைக்கு இன்னொரு தடவ போடட்டுங்களா?”

“தாராளமா போடுங்க. மருந்தை மட்டும் நிறுத்தவே கூடாது.”

நான் ஜாடிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தேன். மூக்கில் ஏதோ நெடி ஏறியது. திரும்பினால், அடைக்கலம் கந்தைத்துணியை ஒரு தகர டப்பாவில் முக்கி முக்கி மயிலையின் முதுகில் தேய்க்கிறார். டப்பாவில் மண்டை ஓடு போட்டிருந்தது. கடலைச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து!

நாசமாய்ப் போக என் படிப்பு! நான் வயிற்றையே குடைந்தேனே தவிர, மாட்டின் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி எறிந்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். பையில் இருந்த ஊசியையெல்லாம் போட்டேன். மயிலை முன்னங்காலை மடக்கிச் சாய்ந்தது; உச்சிப்பொழுதுக்குள் உயிர் அடங்கிவிட்டது.

அடைக்கலம் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறைகூட விட்டிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

“அளவு கொறச்சலாப் போட்டுட்டேனாங்கய்யா?”

“இல்ல” என்றேன். தப்பு என்னுடையது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. பாவி.

இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று நான் பாட்டிலோடு வந்தால் போதும். “குடிக்கிற மருந்தா, அடிக்கிற மருந்தா? நல்லாக் கேட்டுக்கங்க!” என்பாள் என் மனைவி. வீடே சிரிக்கும். பேரப்பிள்ளைகள் கதையை முழுசாகச் சொல்லச் சொல்லிப் பிடுங்குவார்கள். நானும் சொல்வேன். நான் சொல்கிற கதையில், கழுவிவிட்டதும் மயிலை எழுந்து நின்றுவிடும்.