கொட்டாவி அண்ணாச்சியின் தூக்க நோட்டு

எண்ணெய் தேய்த்துவிடும்போதே வாடிக்கையாளரின் முதுகில் கவிழ்ந்து குறட்டை விட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் குற்றாலத்துக் கொட்டாவி அண்ணாச்சி. கீழே படுத்திருந்தவரும் தூங்கிப்போனதால், ஏதோ புது வைத்தியம் என்று மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

நான் அப்போது அருவிக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன்; மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டேன். சாரலிலேயே நிற்கும் அண்ணாச்சிக்கு ஓயாத ஜலதோஷம். மூன்று வேளையும் சளி மாத்திரை போடுவார்.

"அண்ணாச்சி, தூக்கம் வரும், மெஷின் ஓட்டக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கு."

"ஏலே, நான் எங்கலே மெஷின் ஓட்டுதேன்? முதுகுதான தேய்க்கேன்!"

பகலெல்லாம் தூங்கியவருக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? தூக்க மாத்திரை கேட்டு வந்தார். டாக்டர் சீட்டு வேண்டும் என்றேன். "படிச்ச திமிரு" என்றார்.

சீசன் உச்சத்தில் ஒருநாள் அவர் தூங்கிச் சரிய, எண்ணெய்க் கிண்ணம் ஒரு சென்னைக்காரரின் செல்போன்மேல் சரிந்தது. அண்ணாச்சி தொழில் செய்த லாட்ஜின் மேனேஜர் கத்தினார்: "இன்னொரு தடவ தூங்குனீரு, இந்தப் பக்கமே வரப்பிடாது வே!"

அண்ணாச்சி குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது அந்த சீசனை நம்பித்தான். அவரைத் தென்காசிக்கு ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் சளி மாத்திரையை மாற்றினார். பகலில் படுக்கக் கூடாது, தூங்கும் நேரத்தைத் தினமும் நோட்டில் எழுத வேண்டும் என்றார். அண்ணாச்சிக்கு எழுத்து அவ்வளவாக வராது. எழுதுகிற வேலை எனக்கு.

"எத்தன மணிக்குத் தூங்குனீங்க?"

"தூங்குதவன் எப்படிலே மணி பாப்பான்? ஒம் மதினிட்ட கேளு."

அவர் மனைவி சொன்னார்: "இவரு தூங்குதாரான்னு பாத்துப் பாத்தே எனக்குத் தூக்கம் போச்சி தம்பி. எனக்கும் ஒரு நோட்டு போடுங்க."

பத்தாம் நாள் அண்ணாச்சி பகல் முழுக்க விழித்திருந்தார். வந்தது புதுச் சிக்கல். விழித்திருக்கும் அண்ணாச்சி வாயை மூடவில்லை. படுத்தவர்களுக்கெல்லாம் சளியின் வரலாறு சொன்னார். "கொஞ்ச நேரம் தூங்கும் வே" என்று மேனேஜரே கெஞ்சினார்.

கடை வேலையோடு நான் படித்துவந்த பார்மசிப் பரீட்சை முடிந்த அன்று, பல நாள் கண்விழித்த களைப்பில் அண்ணாச்சி எண்ணெய் தேய்க்கும் பலகையில் சாய்ந்தேன். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அண்ணாச்சி ஓரத்தில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் வாயில் விரலை வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

மடியில் தூக்க நோட்டு. அதில் முதல்முறையாக அவருடைய கோணல் எழுத்து: "தம்பி. 2 முதல் 5. நல்ல தூக்கம்."