மல்லிகை நின்ற பூட்டுத்திரை

கணினியைப் பூட்டி வைத்திருப்பதற்காகவே தினமும் அலுவலகத்துக்கு வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தயிரண்ணன். பதவியால் எழுதுவினைஞர், மனதால் சித்தாண்டியில் எருமை வளர்ப்பவர். திங்கட்கிழமைகளில் சட்டித் தயிரோடு வருவதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டுமே தெரியும்.

வாவிக்கரையில் இருந்த அந்த அலுவலகத்துக்கு நான் நிர்வாக உத்தியோகத்தர். சுற்றறிக்கைகளை மனப்பாடமாகச் சொல்வேன். அதைத் திறமை என்று நானும் வியாதி என்று மற்றவர்களும் கருதினோம்.

ஒரு மாரி வெள்ளத்தில் தயிரண்ணனின் சினை எருமை கயிறறுத்துக்கொண்டு போய்விட்டது. நிறம் கரி, பெயர் மல்லிகை. பொலிசில் முறைப்பாடு செய்தார். முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிறகு என்னிடம் வந்து, கணினியின் பூட்டுத்திரைப் படத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டார். அமைப்புகளுக்குள் போய், பூட்டுத்திரை என்ற இடத்தில் வேண்டிய படத்தைத் தெரிவு செய்தால் போதும் என்றேன். குடும்பப் படம் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒருவகையில் அதுதான் நடந்தது.

மறுநாள் அவருடைய திரை சனங்கள் வந்து நிற்கும் பக்கம் திரும்பியிருந்தது. திரை நிறைய மல்லிகை. ஒரு கொம்பு நேர், மற்றது கீழே வளைந்தது. ஓரத்தில், கொம்பைப் பிடித்தபடி ஒரு கை மட்டும்.

"இன்னும் வேலையைத் தொடங்கல்லையா?" என்றேன்.

"தொடங்கினா மாடு மறைஞ்சிரும் சேர்."

தர்க்கத்தில் பிழையில்லை. பூட்டைத் திறந்தால் படம் போய்விடும். ஆகவே அவர் திறக்கவில்லை. எல்லாவற்றையும் கையால் எழுதினார். அலுவலே இல்லாதவர்களும் எருமை பார்க்க வந்தார்கள். எல்லாரும் காக்கா என்று அழைக்கும் ஏறாவூர் வியாபாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இதென்னகா, மாட்டுக்கும் அடையாள அட்டை குடுக்கிறாங்களா?"

"பகிடி விடாம கொம்பைப் பாருங்க காக்கா. எங்கயும் கண்டீங்களா?"

"இந்தக் கொம்பைக் கண்டா மறக்கேலா. காணல்ல. ஆனா அந்தக் கை ஆர்ர? மாட்டை விடக் கறுப்பா இரிக்கி!"

தயிரண்ணன் தன் கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

எங்கள் மேலதிகாரி தன் அறையிலிருந்து சோதனைக்கு வந்தார். "அரசாங்கக் கொம்பியூட்டர்ல எருமையா? எல்லாத்திலயும் ஒரே படம்தான் இருக்க வேணும் எண்டு சுற்றறிக்கை வந்தது தெரியாதா? இண்டைக்கே மாத்துங்க."

தயிரண்ணன் எழுந்து நின்றார். "சேர், அது கண்டு போடுற நேரம். தனியக் கிடந்து என்ன பாடுபடுதோ. இந்தப் படத்தையும் எடுத்தா நான் மறுகா எங்க போய்த் தேட?"

யாரும் சிரிக்கவில்லை.

சுற்றறிக்கை எனக்குத் தெரியும். ஒரே படம் என்று சொல்லியிருந்தது. எந்தப் படம் என்று சொல்லவில்லை. மேலிடம் எதை மறந்தாலும் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைக்க மறப்பதில்லை. பின்னேரத்துக்குள் எல்லாத் திரைகளிலும் மல்லிகை நின்றாள், மேலதிகாரியின் அறை உட்பட. அவர் என்னை முறைத்தார். நான் சுற்றறிக்கையின் பந்தியைச் சொன்னேன். அவர் முறைப்பதை நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து, காணி அலுவல் இழுபடுவதாக முறையிட வவுணதீவிலிருந்து ஒரு பெண் மேலதிகாரியின் அறைக்குள் போனார். உள்ளே போனவர் காணியை மறந்துவிட்டார்.

"ஐயா, இது உங்கட மாடா? வெள்ளத்தோட வந்து எங்கட வயல் வட்டை வாய்க்காலுக்க கிடக்கு. கண்டும் போட்டிருக்கு. ஆரையும் கிட்ட விடுதில்ல!"

கதவு படாரென்று திறந்தது. அதுவரை யாரையும் பட்டப்பெயரால் அழைக்காத மேலதிகாரி கத்தினார்: "தயிரண்ணன்! ஓடி வாங்க! மாடு கிடைச்சிட்டு!"

அவர் வரவில்லை. வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"கடவுச்சொல்லைச் சொல்லிட்டுப் போங்க!" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா சேர்?"

தெரிந்துதான் இருந்தது. அந்தப் பெயர்தான் திரையிலேயே நின்றதே.

இப்போது ஓய்வு. வீட்டில் எனக்கென்று ஒரு கணினி. அதன் பூட்டுத்திரையில் எருமை எதற்கு என்று மனைவி கேட்கிறாள். எருமையைப் பார்க்க வேண்டாம், ஓரத்தில் உள்ள தயிரண்ணனின் கையைப் பார் என்கிறேன். வேலை எவ்வளவு இருந்தாலும், காலையில் கொஞ்ச நேரம் நான் பூட்டைத் திறப்பதில்லை.