ஐந்து இலையும் கடலும்

1938 டிசம்பர் 28, புதன்கிழமை. பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, சென்னை யானைக்கவுனிப் பக்கம் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில், கொல்லிமலை பைல் நாட்டிலிருந்து வந்த ஐந்து பேருக்கு வரிசையாக இலை போட்டார்கள்.

முதல் இலையில் செல்லமுத்து. விவசாயக் கண்காட்சிக்கு மிளகுக்கொடி கொண்டுவந்தவன், மனைவி இருசாயியையும் பிள்ளைகள் மூவரையும் கடல் காட்டுவதற்காகக் கூட்டி வந்திருந்தான். கொல்லிமலை உச்சியில் நின்று அவன் "அதோ கடல்" என்று காட்டி வந்தது வெறும் பனிமூட்டம் என்பதைப் பத்து வயது அத்தாயி கண்டுபிடித்துவிட்டாள். அன்று முதல் அவன் என்ன சொன்னாலும் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நிஜக் கடலைக் காட்டியே தீர வேண்டும். மூன்றே முக்காலுக்கு ஊர் திரும்ப ரயில். இரண்டு மணிக்குள் டிராம் ஏறினால் போய்த் திரும்பிவிடலாம்.

பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடலுக்கு மறுகரை உண்டா, மாடு நீந்துமா என்று எட்டு வயதுச் சின்னான் கேட்டுக்கொண்டே இருந்தான். ஐந்து வயதுப் பாவாயி அப்போதே பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணுகளா, இலையில ஒரு பருக்கை மிச்சம் வெக்கக் கூடாது. இது பட்டணம்" என்றான் செல்லமுத்து.

ராசிபுரத்து ஆபீஸ் பியூன் ஒருவர் அவனுக்குச் சொல்லி அனுப்பிய ஒரே புத்திமதி அது. சோற்றை மிச்சம் வைத்தால் ஹோட்டல் முதலாளி பத்துப் பேர் பார்க்க ஏன் என்று கேட்டுவிடுவாராம். முதலாளியும் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, கல்லாவிலிருந்து இவர்கள் இலைகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. ஐந்து பேரும் துடைத்துச் சாப்பிட்டார்கள். பரிமாறுபவர் நடுத்தர வயது, அதிகம் வாய் திறக்காத மனிதர். காலி இலையைக் கண்டதும் வாளியோடு வந்து மறுபடியும் போட்டார். அதையும் துடைத்தார்கள். மறுபடியும் போட்டார்.

"போதுங்க" என்றான் செல்லமுத்து. அவர் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

மணி ஒன்றேகால். வேகமாகச் சாப்பிட்டால் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று செல்லமுத்து கணக்குப் போட்டான். வேகமாகச் சாப்பிட்டார்கள். அவரும் வேகமாகப் போட்டார். சின்னான் இலைமேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்தான். அவர் பொறுமையாக விரலிடுக்கில் ரசம் ஊற்றினார்.

இருசாயி பழக்கதோஷத்தில் இலை ஓரமாக ஒரு கைப்பிடி சோற்றை ஒதுக்கினாள். பரிமாறுபவர் முகம் மலர்ந்தது. செல்லமுத்து கண்ணை உருட்டினான்.

"ஏ புள்ள, இது நம்ம ஊடில்ல. அதையும் தின்னு."

அவள் தின்றாள். பரிமாறுபவர் பெருமூச்சு விட்டு வாளியை எடுத்தார்.

மணி ஒன்றே முக்கால். செல்லமுத்து ரகசியமாக ஒரு திட்டம் சொன்னான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முடித்து, அவன் தொண்டையைக் கனைத்ததும் ஒரே நேரத்தில் இலையை மடிப்பது. ஐந்து இடத்தில் ஒருவர் எப்படி நிற்பார்? கனைத்தான். நான்கு இலைகள் மடிந்தன. ஐந்தாவது பாவாயியுடையது. மடிக்கக் கை எட்டாமல் அவள் எக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அதில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. பந்தியில் ஒருத்தி சாப்பிடும்போது மற்றவர்கள் எழுந்திருப்பது மரியாதை இல்லை. எழுந்த நால்வரும் மறுபடி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குப் புது இலை வந்தது.

"ஏனுங்க, கடல் இன்னிக்கு அங்கயேதான் இருக்குமுங்களா?" என்று கேட்டாள் இருசாயி.

"அப்பா பாட்டுக்குப் பனிமூட்டத்தையே காட்டிட்டு உட்டிருக்கலாம்" என்றாள் அத்தாயி.

அந்தச் சொல் செல்லமுத்துவுக்குச் சோற்றைவிடக் கனமாக இறங்கியது. பிள்ளைகள் இலையில் இருந்ததையெல்லாம் தன் இலைக்கு வழித்துப் போட்டுக்கொண்டான். வேட்டி முடிச்சைத் தளர்த்தினான். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரே மூச்சில் தின்று தீர்த்து, ஒரு பருக்கை இல்லாத இலையைக் கல்லாப் பக்கம் திருப்பிக் காட்டினான். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பரிமாறுபவர் மறுபடியும் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. வாளியைக் கீழே வைத்துவிட்டு இலைக்கு எதிரே குந்தினார். அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"என் பேரு அர்த்தனாரிங்க. எங்கம்மா பொறந்த ஊரும் உங்க பைல் நாடுதானுங்க, பேச்சக் கேட்டதுமே தெரிஞ்சுக்கிட்டனுங்க. விருந்தாளி இலை ஓரத்துல ஒரு கைப்பிடி ஒதுக்கி வெக்கிற வரைக்கும் பரிமாறுறத நிறுத்தக் கூடாதுன்னு எனக்குந் தெரியுமுங்க. கை ஓஞ்சு போச்சுங்க சாமி, எப்பத்தானுங்க ஒதுக்குவீங்க?"

மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. அன்று அவர்கள் கடல் பார்க்கவில்லை.