காற்றுப் படாத பள்ளிக்கூடம்

சிலேட்டு வெடித்துவிட்டது.

அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த சிவகாமசுந்தரியின் கையில் மரச்சட்டம் மட்டும் மிஞ்சியது. கல் இரண்டாகி, ஒரு துண்டு சாம்பலிலும் இன்னொன்று ரசச் சட்டியிலும் விழுந்தது.

"அம்மா, ஆவன்னா ரசத்துக்குள்ள போயிருச்சு" என்றாள் மகள் வடிவு.

"பாத்தேன்."

"அதைக் குடிச்சா படிப்பு வந்திருமா?"

சிவகாமி ரசச் சட்டியை இறக்கி வைத்தாள். சிலேட்டைத் தொட்டதும் குழந்தை "சில்லுங்குதும்மா" என்று விரலை இழுத்துக்கொண்டதே, கொஞ்சம் சூடு காட்டினால் நல்லதென்று நினைத்தாள். அவ்வளவுதான். இலங்கை மலைநாட்டுக் கொட்டகலைக் குளிரில் வாழ்ந்த சிலேட்டுக்கு அந்தச் சூடு பிடிக்கவில்லை போலிருக்கிறது.

வடிவு என்கிற சண்முகவடிவு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. மருத்துவச்சி துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, எதையும் வாங்கிய மாதிரியே இல்லை சிவகாமிக்கு. பார்க்க வந்த டாக்டரையா, "பஞ்சுல சுத்திச் சூடா வச்சிருங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேயிலைப் பெட்டி ஒன்றில் பஞ்சைப் பரப்பி, சுற்றிலும் வெந்நீர்ப் போத்தல்களை அடுக்கி, அதற்குள்தான் பிள்ளையை வளர்த்தார்கள். திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால். மூச்சு வருகிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் மூக்கருகே விரல்.

பெட்டி போய், தொட்டில் போய், பிள்ளைக்கு ஆறு வயதாகிவிட்டது. விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சிவகாமி கண்ணாரத் தூங்கியும் ஆறு வருஷமாகிவிட்டது.

பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தவளும் அவள்தான். கணவர் சிதம்பரநாதன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்புறமே வீடு.

"பள்ளிக்கூடமா?" என்று அளவுகோலைக் கீழே வைத்தார் அவர். "அந்த மேட்டுல இருக்கே தகரக் கொட்டகை, அதுவா? சுவரே இடுப்பளவுதான். பனி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போவுது. கீழ்நாட்டுல மலேரியாக் காய்ச்சல்ல கொத்துக் கொத்தாச் சாவுறாங்கன்னு ரயில்ல வர்றவனெல்லாம் சொல்றான். இதுல நம்ம பிள்ளைய அனுப்பச் சொல்றியா?"

"படிக்க வேணாமாங்க?"

"நீயே சொல்லிக்குடு. நீ மூணாங்கிளாஸ் படிச்சவதானே?"

"ரெண்டாங்கிளாஸ்."

"அவளுக்கு இப்ப ஒண்ணாங்கிளாஸ்தானே வேணும்?"

அவருக்குப் பயம் வாயில் இருந்தது. சிவகாமிக்கு அடிவயிற்றில் இருந்தது. அதனால் எதிர்த்துப் பேசவில்லை.

சிலேட்டு உடைந்தபின் முறத்தில் அரிசியைப் பரப்பி எழுதச் சொன்னாள். அரிசி குளிராது, வெடிக்காது. வடிவு ஒவ்வோர் எழுத்தையும் எழுதி, அழித்து, அழித்ததை வாயில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பச்சரிசி வயிற்றில் ஊறி, பிள்ளை சுருண்டு படுத்தது. ஓமத்தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே சிவகாமி அழுதாள்.

"என்கிட்ட விடு. நான் கடையில வச்சுச் சொல்லிக்குடுக்குறேன்" என்றார் சிதம்பரநாதன்.

கம்பளிகளை மடித்து அடுக்கி, அதன் மேல் பிள்ளையை உட்கார வைத்தார். இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. அடுத்த நாள் தோட்டத்திலிருந்து பெரிய கங்காணி வீட்டம்மா சேலை எடுக்க வந்தார்கள்.

"சாயம் போகுமா செட்டியாரே?"

"மூச்! பத்து வருஷம் துவைங்க. தண்ணி நிறம் மாறாது."

கம்பளி மேலிருந்து வடிவு தலையை நீட்டினாள். "அப்பா, இதை அம்மா கேட்டப்ப, வேணாம் சிவகாமி, வாளித் தண்ணியில வச்சா வாளிதான் சிவப்பாகும்னு சொன்னீங்களே?"

கங்காணி வீட்டம்மா சேலையை அப்படியே விட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். சிதம்பரநாதன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்களையில் இறக்கினார்.

"உன் மகளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. அது வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். வாத்தியார் ஒருத்தரைப் பிடிக்கிறேன்."

பிடித்து வந்த வாத்தியார் பழனியாண்டி. ஏதோ தோட்டத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். மெலிந்த தேகம், தனிக்கட்டை. அவர் வருவதற்கு முன்பே சிவகாமி முன்னறையின் ஜன்னல் இடுக்கெல்லாம் கந்தைத்துணியைத் திணித்து, மூலையில் கணப்புச் சட்டியை வைத்தாள். வாசலில் வந்து நின்றவரை, சட்டையிலிருக்கும் குளிர் போகும்வரை கணப்பருகே நின்று திரும்பச் சொன்னாள்.

"தோசையாம்மா நான்?" என்றார் வாத்தியார் பரிதாபமாக.

"கோவிச்சுக்காதீங்க. குறைமாசப் பிள்ளைங்க."

அந்த அறையில் பாடம் சொல்லி வியர்த்து வடிந்துவிட்டு, வாத்தியார் அப்படியே மூடுபனிக்குள் இறங்கி நடப்பார். நாலாம் நாள் தும்மினார். சிவகாமி அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்து, இருவருக்கும் நடுவே ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து "ககரம்" என்றார். இந்தப் பக்கமிருந்து வடிவு "ககரம்" என்றாள். கை கடுத்துப்போய் சிவகாமி மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். தனி ஆளை எங்கே அனுப்புவது? முன்னறையிலேயே பாய் போட்டாள். இப்போது கஷாயம் குடிக்க இரண்டு பேர். வடிவு கதவோரம் வந்து நின்று, "வாத்தியாரே, மூச்சு வருதா?" என்று அடிக்கடி விசாரித்தாள்.

"வருது தாயி" என்பார் வாத்தியார். சில வேளை அவருக்கே சந்தேகமாக இருக்கும்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் ஒரு யோசனை சொன்னார்.

"ஒத்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்கம்மா. நான் எழுத்தைக் காட்டுனா அது கதவையே பாக்குது. துணைக்கு ரெண்டு பிள்ளைங்க இருந்தா ஒண்ணைப் பாத்து ஒண்ணு படிக்கும்."

பக்கத்துப் பலசரக்குக் கடை மனோரஞ்சிதத்திடம் சிவகாமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்கு என்னக்கா யோசனை? காலையில கஞ்சி குடிக்காமலே அனுப்பிடவா?" என்றாள் மனோரஞ்சிதம். "எத்தனை மணி வரைக்கும் வச்சுக்குவீங்க?"

அவள் பிள்ளைகள் இரண்டும் மழையில் நனைந்த தலையோடு வந்து நின்றன. சிவகாமி முந்தானையால் இரண்டு தலையையும் துவட்டினாள். தும்மல் தொற்றிக்கொண்டால்? கடைக்கு ஓடி, விற்காமல் கிடந்த சிவப்புக் கம்பளித் துணியை வாங்கி வந்து, ஆளுக்கொரு தொப்பி தைத்தாள், காது மூடி, நாடி வரைக்கும். வடிவுக்கும் ஒன்று. சளி கட்டாமலிருக்கச் சுக்குக் காப்பி, அது கசக்காமலிருக்கக் கருப்பட்டி, வெறும் வயிற்றில் கூடாதென்று ஒரு ரொட்டித் துண்டு.

சூடான அறை, இனிப்புக் காப்பி, இலவசத் தொப்பி. பஜாரில் இது பரவ எவ்வளவு நேரமாகும்? மேட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு முதலில் தையல்காரர் பிள்ளைகள் வந்தன. அப்புறம் சுருட்டுக் கடைப் பிள்ளைகள். அதற்கப்புறம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சிவகாமி கேட்பதை விட்டுவிட்டாள். வேண்டாமென்று ஒரு தாயிடம் சொன்னால், "ஏங்க, எங்க பிள்ளை மட்டும் பனியில போகணுமா?" என்று கேட்கிறாள். பனி என்ற சொல்லைக் கேட்டதும் சிவகாமி இன்னொரு தொப்பிக்குத் துணி வெட்டத் தொடங்கிவிடுவாள்.

காலையில் வடிவுக்கு ஸ்வெட்டர் மாட்டி, தொப்பி கட்டி, மூலையில் கணப்பருகே போர்வையைப் போர்த்தி உட்கார வைப்பாள். அதோடு சரி. பிறகு பகலெல்லாம் அடுப்படிதான். காப்பி அண்டா இறங்கினால் ரொட்டிக் கல் ஏறும். நடுநடுவே முன்னறையை எட்டிப் பார்ப்பாள். அறை முழுக்கச் சிவப்புத் தொப்பிகள். மூலையிலும் ஒன்று, போர்வைக்குள். திருப்தியோடு திரும்பிவிடுவாள். பழனியாண்டி வாத்தியார் கணப்புச் சூட்டில் பாதி நேரம் கண்ணை மூடியபடியே பாடம் நடத்தினார். பிள்ளைகள் அந்தப் பாதி நேரமும் அவருக்குத் தெரியாமல் நொண்டி விளையாடின.

"கடையில தொப்பித் துணி தீந்துபோச்சு" என்றார் சிதம்பரநாதன் ஒரு நாள். "உனக்கு உடம்பு பாதியாப் போச்சே சிவகாமி."

"எனக்கு என்னங்க? பிள்ளையைப் பாத்தீங்களா?"

பிள்ளைக்கு நன்றாகத்தான் இருந்தது. கன்னத்தில் என்றுமில்லாத நிறம். சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இருமல் சத்தமே இல்லை. விளக்கு வைத்ததும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். வழக்கம்போல் மூக்கருகே விரலை வைத்த சிவகாமிக்கு, கதகதப்பான மூச்சு நீளமாக வந்து பட்டது. எல்லாம் கணப்பும் கஷாயமும் செய்த வேலை என்று நினைத்து அடுத்த அண்டாவுக்குச் சுக்கு தட்டப் போனாள்.

மேட்டுப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் வீரபத்திரன் ஒரு முற்பகலில் கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்து வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் பழனியாண்டி வாத்தியார் துப்பட்டியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, இல்லாத இருமலை இருமினார். பிள்ளைகள் கப்பென்று அடங்கின.

"சிவகாமசுந்தரி அம்மா நீங்கதானே? பள்ளிக்கூடத்துலேருந்து வர்றேன்."

கரண்டியோடு ஓடி வந்த சிவகாமிக்கு, பயந்தது நடந்துவிட்டது என்று தோன்றியது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, இந்தப் பிள்ளைங்களை எல்லாம் கூட்டிட்டுப் போயிருங்க. கோடிப் புண்ணியம் உங்களுக்கு. என்னால நிக்க முடியலை. ஆனா என் மகளை மட்டும் கேக்காதீங்க."

"அதில்லைங்கம்மா, நான் வந்தது..."

"ஏழாம் மாசத்துல பொறந்ததுங்க அது. பொழைக்காதுன்னு எல்லாரும் கைய விட்டுட்டாங்க. பெட்டியில வச்சு, பஞ்சுல வச்சு, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எண்ணி வளத்தேன். இன்னிக்கு வரைக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாப் போனதில்லை. உங்க கொட்டகையில ஜன்னல் உண்டா? கதவுதான் உண்டா? அந்தக் காத்துக்கு அது எப்படிங்க தாங்கும்?"

சொல்லச் சொல்ல ஆறு வருஷக் களைப்பும் ஒன்றாகத் திரண்டு வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தலைமை வாத்தியார் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்க பாருங்க" என்று மூலையைக் கரண்டியால் காட்டினாள். "போர்வைக்குள்ள எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா பாருங்க. இதைக் கொண்டுபோய்ப் பனியில விட்டா ஒரு நாள் தாங்குவாளா?"

மூலையிலிருந்த சிவப்புத் தொப்பி, போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டது.

தலைமை வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். பிறகு சிவகாமியைப் பார்த்தார். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க மகளைக் கேட்டு நான் வரலைங்கம்மா. சண்முகவடிவுதான் ரெண்டு வாரமா மணியடிக்கிறதுக்கு முன்னாடியே வந்து முன்வரிசையில உக்காந்துக்கிடுதே. அந்த ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எப்படிங்கம்மா பள்ளிக்கூடம் நடத்துறது?"