என் கணவரின் நூற்று இருபத்தொரு பவுண்டு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
1885 அக்டோபர் 19

பெருமதிப்புக்குரிய விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, பேஸ்பால் பந்தெறிபவர் லெமுவல் ஆர்ட்வேயின் மனைவி தபிதா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் தாங்கள்.

சென்ற வாரப் பந்தெறிபவர் பட்டியலில் என் கணவரை ஐந்தடி ஐந்து அங்குலம், எடை நூற்று இருபத்தொரு பவுண்டு என்று போட்டிருந்தீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எப்போது நிறுத்தீர்கள்? ஆட்டப் பருவத்தின் கடைசி நாள், இரண்டு ஆட்டம் எறிந்து முடித்து வந்த மனிதரை உங்கள் நிருபர் நிலக்கரிக் கடைத் தராசில் ஏற்றினார். ஏப்ரலில் அவர் நூற்று நாற்பது. குழுவில் எறிய வேறு ஆள் இல்லாமல் அறுபத்தொரு ஆட்டம் இவர் ஒருவரே எறிந்தால் உடம்பில் என்னதான் மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள். அதே வரியில் முப்பத்தெட்டு வெற்றி என்றும் இருக்கிறது, அதை எந்தப் புண்ணியவானும் படிக்கவில்லை.

எங்கள் ஊர்க் குழு கலைந்துவிட்டது. இவரை எடுப்பதாக இருந்த ஓஹியோ குழு உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆறடி ஆள்தான் வேண்டும், எதற்கும் நேரில் வந்து பார்க்கிறோம் என்று எழுதியது. இதுவும் போனால், எறிந்து எறிந்து தேய்ந்துபோன இவருடைய தோளை வைத்துக்கொண்டு கம்பி ஆலையில்கூடச் சேர முடியாது. நான் என்ன செய்வேன்? பன்றி இறைச்சியும் பூசணி இனிப்புமாக இவர் வாயில் திணித்தேன். உங்கள் பத்திரிகையையே மூன்று இதழ் மடித்துக் காலணிக்குள் வைத்தேன். மேல்கோட்டின் உள்ளே இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் தைத்தேன்.

"வேணாம் தபிதா, மாட்டிக்குவோம்."

"நீங்க வாயத் திறக்காம நிமிந்து நில்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

ஓஹியோ குழுவின் ஆள் கிட்ரெட்ஜ் வந்து இவரைத் தராசில் ஏற்றினார். நூற்று ஐம்பது காட்டுகிறதே என்று தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார், தையல் விட்டுப்போய் ஒரு பெட்டி அவர் காலிலேயே விழுந்தது. வலியோடு நிமிர்ந்தவர், "ஏம்மா, இன்னும் ஏதாச்சும் விழுமா, இல்ல அவ்வளவுதானா?" என்றார். லெமுவல் இன்னொன்றையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைப்பது? கிட்ரெட்ஜ் நொண்டிக்கொண்டே போய் ரயில் ஏறிவிட்டார்.

ஆகவே ஐயா, ஐந்தடி ஒன்பது, நூற்று அறுபது என்று அடுத்த இதழிலேயே திருத்தம் போடவும். தங்கள் குழந்தைகள் நெடுநெடுவென்று வளரட்டும்.

இப்படிக்கு,
தபிதா ஆர்ட்வே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன சமயத்தில் கிட்ரெட்ஜிடமிருந்து தந்தி. "எங்கள் ஆறடிக்காரர்கள் ஜூலையிலேயே படுத்துவிடுகிறார்கள். அந்த உடம்போடு அறுபத்தொன்று எறிந்தவர் வேண்டும். ஓர் ஆட்டம் விட்டு ஓர் ஆட்டம் எறிந்தால் போதும்." ஓர் ஆட்டம் விட்டு ஓர் ஆட்டம் என்பதை லெமுவல் மூன்று தரம் படித்துவிட்டு அழுதார், நானும் அழுதேன். திருத்தம் வேண்டாம். போன வாரத்துக்கு இப்போது ஏழு பவுண்டு ஏறியிருக்கிறார், அதைத் தயவுசெய்து எங்கும் போட்டுவிடாதீர்கள்.